கல்லுக்கு ஒரு வழி

1955ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியானது. அதன் முதல் ஆசிரியர் வில்லார்ட் குட்வின், லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சிறுநீரியல் துறையைக் கட்டி எழுப்பியவர். அந்தக் கட்டுரைக்குப் பின்னால் குறி தவறிய ஊசி ஒன்று இருக்கிறது. சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களைப் படம் எடுக்க நினைத்து குட்வின் ஊசியைச் செலுத்துகிறார். ஊசி ரத்தக் குழாய்க்குப் போகாமல், அடைப்பினால் நீர் தேங்கி வீங்கிக் கிடந்த சிறுநீரகத்தின் உட்குழிக்குள் போய் நிற்கிறது. வேறொருவராக இருந்தால் சலித்துக்கொண்டு ஊசியை உருவியிருப்பார். குட்வின் அதன் வழியாகவே எக்ஸ்-ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார். பிறகு மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, தேங்கிய நீரை வடிய வைத்தார். கத்தி படவே இல்லை. முதுகுத் தோலுக்கும் சிறுநீரகத்தின் உள்ளறைக்கும் நேராக ஒரு பாதை கிடைத்துவிட்டது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு வந்த கேள்வி இதுதான். பாதை கிடைத்த பிறகு, அதன் வழியாகக் கல்லை வெளியே எடுப்பதற்கு ஏன் இன்னும் 21 ஆண்டுகள் ஆயின? 1976வரை யாரும் அதற்கென்றே ஒரு துளை போட்டுக் கல்லை எடுக்கவில்லை. நடுவில் மனிதன் நிலாவுக்கே போய் வந்துவிட்டான். நிலாவிலிருந்து கல்லும் கொண்டுவந்தான்!

இன்று பெரிய கல் என்று மருத்துவர் சொன்னதும் அடுத்து வரும் சொல் ‘பிசிஎன்எல்’. தோலில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, அங்கிருந்து சிறுநீரகத்துக்குள் ஒரு குழாயைச் செருகி, உள்ளேயே கல்லை உடைத்து எடுத்துவிடுவது. நம் ஊரில் “ஹோல் போட்டு எடுத்துட்டாங்க” என்பார்கள். சரியான வர்ணனைதான். அந்த ஹோலின் கதையைத்தான் எழுத நினைக்கிறேன்.

*

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கல்லின் வரலாறு என்று இணையத்தில் தேடினால் வருபவற்றில் பாதிக்கு மேல் சிறுநீர்ப்பைக் கல்லின் வரலாறு. சுஸ்ருதர் ‘அஷ்மரி’ என்று சொல்லி அறுவை முறை விவரிப்பது பையில் இருக்கும் கல்லுக்கு. ஆசனவாய்க்கு முன்னால், அடிப்பக்கத்தில் கீறி எடுக்கும் முறை அது. கைதேர்ந்தவர் செய்தாலும் பலன் நிச்சயமில்லை, வேறு வழியே இல்லாதபோது செய் என்று அவரே எச்சரிக்கிறார். ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் உறுதிமொழியில் கல்லுக்காக அறுக்க மாட்டேன், அதை அந்தத் தொழில் தெரிந்தவர்களுக்கு விட்டுவிடுவேன் என்று வருவதும் இதே கல்லைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும்.

லண்டனின் நாட்குறிப்புக்காரர் சாமுவேல் பீப்ஸும் அப்படித்தான். 1658 மார்ச் 26 அன்று மயக்க மருந்து எதுவும் இல்லாமல் அவருடைய பையைக் கீறிக் கல்லை எடுத்தார்கள். டென்னிஸ் பந்து அளவுக் கல் என்று அவருடைய நண்பர் ஜான் ஈவ்லின் குறித்து வைத்திருக்கிறார். மனிதர் பிழைத்தார். அந்தத் தேதியில் ஆண்டுதோறும் விருந்து வைப்பது என்று முடிவு செய்தார். கல்லை வைக்க 24 ஷில்லிங் கொடுத்து ஒரு பெட்டியும் செய்துகொண்டார். மறுபிறவி எடுத்த நாளைக் கொண்டாடாமல் வேறு எதைக் கொண்டாடுவது?

சிறுநீரகக் கல்லுக்கு இந்த விருந்தெல்லாம் கிடையாது. பை அடிவயிற்றில், விரல் எட்டும் தூரத்தில் இருக்கிறது. சிறுநீரகம் முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புகளுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. ரத்தம் வேறு. இதயம் ஒரு நிமிடத்தில் இறைக்கும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கணக்கு. அதன் மேல் கத்தி வைப்பது நிரம்பிய ஏரியின் கரையை வெட்டுவது மாதிரி. மோந்தேன் போன்ற பெரிய எழுத்தாளர்கள்கூட இந்தக் கல்லோடு ஐரோப்பாவின் வெந்நீர் ஊற்றுகளைத் தேடி அலைந்தார்களே தவிர, கத்தியைத் தேடிப் போகவில்லை.

விதிவிலக்காக ஒரு கதை உண்டு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் பதிவானது. வெனிஸில் இங்கிலாந்தின் தூதரக அதிகாரியாக இருந்த ஹாப்சன், வலி பொறுக்க முடியாமல் பதுவா நகரத்துக்குப் போய் மார்கெட்டி என்ற அறுவையாளரிடம் தன்னைக் கீறச் சொல்லிக் கெஞ்சுகிறார். மார்கெட்டி மறுக்கிறார். கடைசியில் செய்கிறார். ரத்தம் பெருகியதால் முதல் நாள் பாதியில் நிறுத்தி, மறுநாள் தொடர்ந்து கற்களை எடுக்கிறார். ஹாப்சன் பிழைத்தார், ஆனால் முதுகில் இருந்த துளை மூடவேயில்லை. சிறுநீர் கசிந்துகொண்டே இருந்தது. பிறகு ஒருநாள் புண்ணைத் துடைத்த அவருடைய மனைவிக்கு ஏதோ கெட்டியாக நெருடியிருக்கிறது. தடித்த ஊசியால் நெம்பி எடுத்தால், பேரீச்சங்கொட்டை அளவில் ஒரு கல்! அதோடு வலி போய்விட்டது.

இந்தக் கதையை மருத்துவ வரலாற்றில் முதல் சிறுநீரக அறுவையா இல்லையா என்ற விவாதத்துக்காகத்தான் வழக்கமாக எடுப்பார்கள். எனக்கு மார்கெட்டியைவிட அந்த மனைவிதான் முக்கியமாகத் தெரிகிறார். ஏற்கெனவே இருந்த துளை வழியாக, மறுபடி அறுக்காமல், ஒரு கருவியை விட்டுக் கல்லை எடுத்தவர். இன்றைய பிசிஎன்எல்லின் தத்துவம் முழுக்க அந்த ஊசியில் இருக்கிறது. அவருடைய பெயர்கூட நமக்குச் சொல்லப்படவில்லை.

*

19ஆம் நூற்றாண்டில் மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் வந்த பிறகுதான் சிறுநீரகத்தின் மேல் கை வைக்கும் தைரியம் வந்தது. 1869இல் ஹைடல்பெர்க்கில் குஸ்டாவ் சைமன், முதலில் நாய்களிடம் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒரு பெண்ணின் சிறுநீரகம் ஒன்றைத் திட்டமிட்டு அகற்றினார். ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றொன்றால் மனிதர் உயிர் வாழ முடியும் என்பது அன்று நிரூபணமானது. 1880இல் லண்டனில் ஹென்றி மோரிஸ், சிறுநீரகத்தை விட்டுவைத்து அதற்குள்ளிருந்த கல்லை மட்டும் எடுத்தார். 1896இல், எக்ஸ்-ரே கண்டுபிடித்த மறு ஆண்டே, கிளாஸ்கோவில் ஜான் மெக்கிண்டயர் சிறுநீரகக் கல்லைப் படம் பிடித்துவிட்டார். அதற்கு முன்புவரை உள்ளே கல் இருக்கிறதா என்பதே திறந்து பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த ஆள் மருத்துவரே இல்லை. மாக்ஸ் ப்ரோடல், ஜெர்மனியின் லைப்சிக்கில் ஓவியம் படித்தவர். 1894இல் பால்டிமோர் போய் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவைப் படங்கள் வரையும் வேலையில் சேர்ந்தார். புரியாத எதையும் வரையக் கூடாது என்பது அவர் கொள்கை. சிறுநீரகத்தை வரையச் சொன்னபோது அதன் ரத்தக் குழாய்களுக்குள் அச்சுப் பொருளைச் செலுத்தி, சுற்றியிருந்த சதையைக் கரைத்து, எஞ்சிய குழாய் மரத்தை வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். சிறுநீரகத்துக்குள் நுழையும் தமனி முன்கிளை, பின்கிளை என்று இரண்டாகப் பிரிந்து விரிகிறது. இரண்டு கிளைகளின் நுனிகளும் சந்திக்கும் இடத்தில் பெரிய குழாய்கள் இல்லாத ஒரு பட்டை இருக்கிறது. சிறுநீரகத்தின் வெளி வளைவிலிருந்து சற்றே பின்னால். வியன்னாவின் ஹிர்ட்டல் அதை முன்பே கவனித்திருந்தார். ஆனால் அறுவையாளர் கைக்கு உதவும்படி 1901இல் அதைத் துல்லியமாக வரைந்து காட்டியவர் ப்ரோடல்தான். இன்றும் அதற்கு ‘ப்ரோடல் கோடு’ என்றே பெயர். பிசிஎன்எல் செய்யும் மருத்துவர் முதுகுப் பக்கமாகச் சாய்ந்து ஊசியை நுழைப்பது ஏன் என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஓவியரின் கோட்டில்தான் பதில் முடியும்.

கோடு கிடைத்ததும் அறுவையாளர்கள் அதன் வழியே துணிந்து வெட்டினார்கள். அதன் உச்சம் 1960களின் பிற்பாதியில் அமெரிக்காவில் ஸ்மித்தும் பாய்ஸும் வகுத்த முறை. கலைமான் கொம்பு போலக் கிளை விட்டு, சிறுநீரகத்தின் எல்லாக் கிண்ணங்களுக்குள்ளும் கால் நீட்டியிருக்கும் பெரிய கற்களுக்கானது. விலாவுக்குக் கீழே நீளமாகத் திறந்து, தமனியை இடுக்கியால் நிறுத்தி, சிறுநீரகத்தைச் சுற்றிப் பனிக்கூழைக் கொட்டிக் குளிர வைத்து, ப்ரோடல் கோட்டின் வழியே புத்தகத்தைப் போல் பிரிப்பார்கள். கல்லை எடுத்த பிறகு கிண்ணம் கிண்ணமாகத் தைத்து மூடுவார்கள். கைத்திறனின் அற்புதம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த அற்புதத்தின் விலை நோயாளியின் விலாவில் எழுதப்பட்டது. என் பெரியப்பாவுக்கு 1984இல் இப்படித்தான் திறந்து எடுத்தார்கள். சட்டை இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். முதுகிலிருந்து தொப்புள் பக்கம் வரை ஒரு கோணல் கோடு ஓடும். சின்ன வயதில் நான் அதை விரலால் தொட்டுக்கொண்டே போவேன். விலா எலும்பு ஒன்றையும் கொஞ்சம் வெட்டியிருந்தார்கள். நெல் மூட்டை தூக்கியவர் அதற்குப் பிறகு குடம்கூடத் தூக்கவில்லை. தழும்பைச் சுற்றி வயிறு ஒரு பக்கம் சரிந்தே இருந்தது. “என்ன பெரியப்பா, வலிக்குதா?” என்றால், “வலி இல்லடா, இந்தப் பக்கம் என் உடம்பே இல்லாத மாதிரி இருக்கு” என்பார்.

அவருக்குத் திரும்பக் கல் வந்தது. கல் வந்தவர்களுக்குத் திரும்ப வருவது சாதாரணம். முன்பு தைத்த இடம் முழுக்கத் தழும்புத் திசு இறுகிப்போய்க் கிடக்கும், அதே இடத்தில் இரண்டாம் முறை திறப்பது முதல் முறையைவிடக் கடினம். திறந்த அறுவையின் உண்மையான தோல்வி இதுதான் என்று நினைக்கிறேன். ஒருமுறை மட்டுமே வரும் நோய்க்கு அது பொருந்தியிருக்கும்.

*

சரி, அந்த 21 ஆண்டுகளுக்கு வருவோம்.

உண்மையில் குட்வினுக்கு முன்பே ஒரு முயற்சி உண்டு. 1941இல் இண்டியானாபொலிஸில் ரூப்பெல், பிரவுன் என்ற இருவர், முன்பு அறுவை செய்து குழாய் வைத்திருந்த ஒரு துளை வழியாக, பையைப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பை உள்ளே விட்டுக் கல்லை எடுத்தார்கள். ஹாப்சனின் மனைவி செய்த காரியத்தைக் கருவியோடு செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 1953இல் ஸ்டாக்ஹோமின் காரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஸ்வென்-இவார் செல்டிங்கர் என்ற இளம் கதிரியல் மருத்துவர் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்தார். ஊசியால் குத்து, ஊசிக்குள் ஒரு கம்பியை விடு, ஊசியை உருவு, கம்பியின் மேல் குழாயைக் கோத்து உள்ளே தள்ளு, கம்பியை உருவு. அவ்வளவுதான். குத்திய துளையைவிடத் தடித்த குழாயை, வழி தவறாமல் உள்ளே கொண்டுபோக முடியும். இதயத்தில் ஸ்டென்ட் வைப்பது முதல் ஐசியுவில் கழுத்தில் போடும் லைன் வரை எல்லாம் இந்தக் கம்பியின் மேல்தான் ஓடுகின்றன.

ஆக, 1955லேயே ஊசி இருந்தது, கம்பி இருந்தது, பாதை இருந்தது. எது இல்லை?

கண் இல்லை. சிறுநீரகத்துக்குள் ஒரு துளை வழியாகப் பார்க்கும் தரமான கண் அன்று கிடையாது. பழைய சிஸ்டோஸ்கோப்பில் சின்னச் சின்ன வில்லைகளை வரிசையாக வைத்து நடுவே காற்று விட்டிருப்பார்கள். நுனியில் ஒரு குட்டி பல்பு. தெரிவதெல்லாம் மங்கல், லேசாக ரத்தம் கசிந்தால் சுத்தமாக இருட்டு.

இங்கே ஹெரால்ட் ஹாப்கின்ஸ் வருகிறார். லண்டனின் ஏழைக் குடும்பத்தில் பிறந்த இயற்பியலாளர். 1954இல் கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி அதன் வழியே உருவத்தைக் கடத்தலாம் என்று நேச்சர் இதழில் எழுதினார். அந்தக் கட்டுரையின் இணை ஆசிரியர் நரிந்தர் சிங் கபானி, பஞ்சாபின் மோகாவிலிருந்து லண்டனுக்குப் படிக்கப் போனவர். ஒளியை வளைந்த பாதையில் உடலுக்குள் கொண்டுபோக வழி பிறந்தது. சில ஆண்டுகள் கழித்து லிவர்பூலின் சிறுநீரியல் மருத்துவர் ஜிம் கௌ, பையின் உட்புறத்தைப் புகைப்படம் எடுக்க முடியவில்லையே என்று ஹாப்கின்ஸிடம் வந்து முறையிட்டார். ஹாப்கின்ஸ் விஷயத்தைத் தலைகீழாகத் திருப்பினார். காற்றுக்கு நடுவே கண்ணாடி வில்லைகளை வைப்பதற்குப் பதில், குழாய் முழுக்க நீண்ட கண்ணாடித் தண்டுகளை அடைத்து, நடுவே மெல்லிய காற்று இடைவெளிகளையே வில்லைகளாக்கினார். வெளிச்சம் பல மடங்கு கூடியது. 1960களின் நடுவில் ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் அதை எடுத்துக்கொண்டு, வெளியே விளக்கு, உள்ளே இழைவழி ஒளி, தண்டு வில்லை என்று சேர்த்துக் கருவியாக்கினார். அதன் பிறகுதான் உடலின் உட்புறம் நிறத்தோடு தெரிந்தது.

கண் வந்தும் இன்னும் பத்தாண்டு ஆனதே? அதற்குக் காரணம் கருவியில் இல்லை என்பது என் கணிப்பு. குத்துவது கதிரியல் மருத்துவரின் வேலை. வெட்டுவது சிறுநீரியல் அறுவையாளரின் வேலை. ஒருவர் இருட்டறையில், மற்றவர் அறுவை அரங்கில். கல்லுக்காக அறுப்பதை அதற்கென்று இருப்பவர்களுக்கு விட்டுவிடுகிறேன் என்று பழைய உறுதிமொழியில் வரும் அந்தப் பங்கு பிரிப்பு, இருபதாம் நூற்றாண்டு மருத்துவமனையில் வேறு சுவர்களாக நின்றது. முன்னேற்றம் நடந்த ஒவ்வோர் ஊரிலும் பாருங்கள், ஒரு கதிரியல்காரரும் ஓர் அறுவையாளரும் ஜோடியாக இருப்பார்கள்.

முதல் ஜோடி ஸ்வீடனில். இங்மார் ஃபெர்ன்ஸ்ட்ரோம் கதிரியல், பெங்ட் யோஹான்சன் சிறுநீரியல். 1976இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைய முறையின் பிறப்புச் சான்றிதழ். கல்லை எடுப்பதற்காகவே ஒரு துளை போட்டு, அதைச் சில நாட்கள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தி, எக்ஸ்-ரேயில் பார்த்தபடி கல்லைப் பிடித்து இழுத்தார்கள். காது குத்தி, ஈர்க்குச்சி மாற்றி மாற்றிச் செருகித் துளையைப் பெரிதாக்குவோமே, அதே வேலை. நோயாளி முழுப் பொறுமையோடு படுத்திருக்க வேண்டியிருந்தது.

பிறகு எல்லாம் வேகம். மைன்ஸ் நகரத்தில் 1977இல் கூர்ட்டும் அவர் சகாக்களும் கலைமான் கொம்புக் கல் ஒன்றைத் துளை வழியாக மீயொலிக் கருவியால் உடைத்து உறிஞ்சினார்கள். அதனால், துளையைவிடப் பெரிய கல்லாக இருந்தாலும் கவலை இல்லை என்றானது. அதே ஊரில் பீட்டர் ஆல்கன், ஒன்றன் மேல் ஒன்றாகச் செருகும் உலோகக் குழாய்களை அமைத்தார். பழைய கார்களில் இழுத்து நீட்டும் ரேடியோ ஏரியல் இருக்குமே, அந்த மாதிரி. நாட்கணக்கில் செய்த அகலப்படுத்தலை ஒரே அமர்வில் முடிக்க முடிந்தது. மினசோட்டாவில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஆர்தர் ஸ்மித், உள்நோக்கிச் செய்யும் இந்தத் துறைக்கே ‘எண்டோயூராலஜி’ என்று பெயர் வைத்தார். அவருக்குத் துணை நின்ற கதிரியல்காரர்களில் ஒருவர் கர்ட் ஆம்ப்ளாட்ஸ். துளை மூடிக்கொள்ளாமல் தாங்கி நிற்கும் உறைக்குழாய்க்கு இன்றும் நம்மூர் அறுவை அரங்குகளில் “ஆம்ப்ளாட்ஸ்” என்றுதான் பெயர். செவிலியரிடம் கேட்டால் எடுத்துக் கொடுப்பார், அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரியாமலேயே.

லண்டனில் ஜான் விக்காம். திறந்த அறுவையின்போது சிறுநீரகம் கெடாமல் காப்பது எப்படி என்ற ஆய்வில் பெயர் வாங்கியவர் அவர். தான் தேர்ச்சி பெற்ற வித்தையையே தேவையில்லாமல் ஆக்கும் வேலையில் இறங்கினார். மைக் கெல்லட் என்ற கதிரியல்காரரோடு சேர்ந்து 1979இல் இந்த முறையைத் தொடங்கினார். அறுவை என்பது உடலை இயன்ற அளவு குறைவாகக் காயப்படுத்த வேண்டும் என்பதை ஒரு கொள்கையாகவே பேச ஆரம்பித்தார். ‘மினிமலி இன்வேசிவ்’ என்று இன்று எல்லா மருத்துவமனைப் பலகைகளிலும் பார்க்கிறோமே, அந்தச் சொற்றொடரைப் பரப்பியவர் அவர்தான். நோயாளியின் வலியில் பெரும்பகுதி நோயிலிருந்து வருவதல்ல, நோயிருக்கும் இடத்துக்குப் போக நாம் வெட்டும் வழியிலிருந்து வருவது. அவர் வாதத்தை இப்படிச் சுருக்கலாம். பெரியப்பாவின் விலாவைத் தொட்டவன் என்பதால் எனக்கு இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் ஒரு கணக்கு உறுத்துகிறது. ஸ்வீடனில் 1976, மைன்ஸில் 1977, லண்டனில் 1979. பெரியப்பாவைத் திறந்தது 1984. “அப்ப அதெல்லாம் இங்க ஏதுடா? பெரிய டாக்டர் கை வெச்சாரு, பொழச்சேன்” என்று அவர் முடித்துக்கொண்டார். அவரைத் திறந்த மருத்துவரின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த ஆண்டு அந்த ஊரில் கிடைத்த நல்ல சிகிச்சை அதுதான். கருவி, சி-ஆர்ம் எக்ஸ்-ரே, பழகிய கை மூன்றும் ஒரே அறைக்குள் வந்து சேர வேண்டும். மருத்துவ வரலாற்றை ‘முதன்முதலில்’ என்ற ஆண்டுகளால் எழுதுகிறோம். ஓர் ஊருக்கு அது எந்த ஆண்டு வந்தது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. உடம்புகள் வாழ்வதோ இந்த இரண்டாவது நாட்காட்டியில்.

*

குழந்தை நடக்கத் தொடங்கும்போதே அதைத் தூக்கிப்போடும் போட்டியாளர் வந்துவிட்டார். 1980 பிப்ரவரி 7, ம்யூனிக். விமானம் செய்யும் டோர்னியர் நிறுவனம், ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் உலோகத்துக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்த ஆய்வில் புரிந்துகொண்ட அதிர்வலையை வைத்து, கிறிஸ்டியான் சவுசியும் சகாக்களும் ஒரு மனிதரைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, வெளியிலிருந்தே கல்லைப் பொடியாக்கினார்கள். துளைகூட வேண்டாம்! யாருக்குத்தான் பிடிக்காது. ஊசி முறை சில ஆண்டுகளில் காணாமல் போய்விடும் என்றே பலர் நினைத்தார்கள்.

காப்பாற்றியது பெரிய கல்தான். அதிர்வலை கல்லை உடைக்கும், வெளியே எடுக்காது. உடைந்ததை நோயாளிதான் சிறுநீரோடு வெளியேற்ற வேண்டும். கல் பெரிதாக இருந்தால் துண்டுகள் குறுகலான குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி அடைத்துக்கொள்ளும். ஜெர்மன்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஸ்டைன்ஸ்ட்ராஸே’, கல் தெரு. அதோடு, கலைமான் கொம்புக் கற்கள் பலவும் கிருமித் தொற்றால் வளர்பவை. கல்லுக்குள்ளேயே கிருமி இருக்கும், துண்டு மிச்சமிருந்தால் மறுபடி வளரும். எனவே முழுதாக எடுத்தாக வேண்டும். சவுசியின் தொட்டிக்குப் பிறகு ஒரு வேலைப் பிரிவினை உருவாகி நிலைத்தது. இன்றைய வழிகாட்டு நெறிகளில் 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சிறுநீரகக் கல் என்றால் முதல் தேர்வு பிசிஎன்எல். 1985இலேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் செகுராவும் குழுவும் 1000 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டிருந்தார்கள். அதன்பின் இது சோதனை முயற்சி என்று யாரும் சொல்ல முடியவில்லை.

என் பெரியப்பா மகனுக்கும் கல் வந்தது, குடும்பச் சொத்து. அவனுக்கு 2016இல் பிசிஎன்எல். மயக்கம் கொடுத்துவிட்டு, சிறுநீர் வழியாக ஒரு மெல்லிய குழாயை மேலே ஏற்றி, மருந்து செலுத்திக் கிண்ணங்களை எக்ஸ்-ரேயில் தெரிய வைப்பார்கள். பிறகு குப்புறப் படுக்க வைத்து, சரியான கிண்ணத்தைக் குறிவைத்து ஊசி. உள்கம்பியை உருவியதும் ஊசி வாயில் சிறுநீர் சொட்டினால் உள்ளே போயாயிற்று. அதன் மேல் செல்டிங்கரின் கம்பி, கம்பியின் மேல் டைலேட்டர், அதன் மேல் ஆம்ப்ளாட்ஸ். நெஃப்ரோஸ்கோப் உள்ளே போய் உடைத்து எடுக்கும். மூன்றாம் நாள் வீட்டில் இருந்தான். தழும்பைக் காட்டச் சொன்னால் தேடித்தான் காட்ட வேண்டியிருந்தது. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, “இதுக்கா ஒன்ற லட்சம்?” என்றார்.

சின்னத் துளை என்பதால் சின்ன அறுவை என்று நினைத்துவிடக் கூடாது. ரத்தப்போக்கு வரலாம், சில சமயம் நாட்கள் கழித்தும் வரும். கிருமி ரத்தத்தில் கலந்து காய்ச்சல் கடுமையாகலாம். மேல் கிண்ணத்துக்குப் போக விலாவுக்கு மேலே குத்தினால் நுரையீரல் உறையைத் தொட்டுவிடும் ஆபத்து உண்டு. எல்லாம் அந்த முதல் குத்தைப் பொறுத்தது. கல்லை உடைப்பதைவிடக் கல்லிடம் போய்ச் சேர்வதுதான் கற்க நாளாகும் வித்தை.

*

1990களின் பிற்பகுதியிலிருந்து துளையைச் சுருக்கும் போட்டி நடக்கிறது. இந்தக் குழாய்களை ‘ஃபிரெஞ்ச்’ என்ற அளவில் சொல்வார்கள். பாரிஸின் கருவி செய்பவர் ஷாரியேர் வகுத்தது, 3 ஃபிரெஞ்ச் என்றால் 1 மில்லிமீட்டர். வழக்கமான துளை 24 முதல் 30 ஃபிரெஞ்ச், அதாவது 8 முதல் 10 மில்லிமீட்டர். குழந்தைகளுக்கு இது மிகப் பெரியது என்பதால் சிறிய குழாய்கள் வந்தன. 1998இல் ஜாக்மன் 11 ஃபிரெஞ்சில் செய்தது ‘மினி’. அதன்பின் அல்ட்ரா-மினி, அதை முன்வைத்தவர் அகமதாபாத்தின் ஜனக் தேசாய். 2011இல் குஜராத்தின் நடியாதில் மகேஷ் தேசாயின் குழு, பார்வை இழை பொருத்திய ஊசியாலேயே குத்தி, அந்த ஊசிக்குள்ளேயே லேசரை விட்டுக் கல்லைப் பொடிக்கும் ‘மைக்ரோபெர்க்’ முறையை வெளியிட்டது. ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம்தான் துளை. வட, மேற்கு இந்தியாவின் கல் மிகுந்த பட்டையில் இருக்கும் நடியாத், 1978இலிருந்து சிறுநீரகத்துக்கென்றே தனி மருத்துவமனை வைத்திருக்கும் ஊர். இந்த வித்தை அங்கே முதிர்ந்ததில் வியப்பில்லை.

இந்த மினி, மைக்ரோ பெயர்களில் கொஞ்சம் விளம்பர வாசனையும் அடிக்கிறது என்பது என் அபிப்பிராயம். துளை சிறுத்தால் ரத்தம் குறைகிறது, உண்மை. ஆனால் கல்லை மிகச் சிறிதாகப் பொடித்தாக வேண்டும், நேரம் கூடும். உள்ளே விடும் நீர் வெளியேற இடமில்லாமல் சிறுநீரகத்துக்குள் அழுத்தம் ஏறலாம், கிருமியுள்ள கல்லில் அது ஆபத்து. முழுக் கொம்பு வளர்ந்த கல்லை ஊசி வழியே எடுப்பது, பூவரச மரத்தைப் பென்சில் சீவியால் சீவுவது மாதிரி.

படுக்க வைப்பதிலும் இன்னும் முடிவில்லை. ஆரம்பத்திலிருந்தே குப்புறப் படுக்கைதான் வழக்கம். 1987 முதல் ஸ்பெயினின் சரகோசாவில் கபிரியேல் வால்டிவியா, நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, விலாவுக்குக் கீழே ஒரு தலையணை போல அண்டக் கொடுத்துச் செய்ய ஆரம்பித்தார். மயக்க மருத்துவருக்கு நிம்மதி. பருமனானவர்களுக்கும் நெஞ்சு நோய் உள்ளவர்களுக்கும் மூச்சு எளிது. மேல் கிண்ணத்துக்குப் போவது மட்டும் கொஞ்சம் சிரமம். சில நாடுகளில் இன்றும் ஊசியைக் கதிரியல்காரர்தான் போட்டுக் கொடுக்கிறார், இந்தியாவில் பெரும்பாலும் சிறுநீரியல்காரரே போட்டுக்கொள்கிறார். என் அண்ணனுக்குச் செய்த மருத்துவரிடம், நீங்கள் எப்போதும் குப்புறத்தானா என்று கேட்டேன். “நான் கத்துக்கிட்டது அப்படி. என் ஜூனியர் ரெண்டு விதமாவும் பண்ணுவான்” என்றார்.